கணினியின் மேல் பழியைப் போடாதீர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் கண்ணைப் பற்றிப் பேசுங்கள் என்று சங்கம் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த ஒரு வருடமாக விழாவுக்கான கூட்டங்கள் எல்லாம் சூம் வழியாகவே நடந்தன. ரொறன்ரோவில் காலை, லண்டனில் பிற்பகல், இங்கே இரவு. ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும் யாராவது ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இந்தக் கொம்பியூட்டர் எங்கட கண்ணைக் கெடுத்துப்போட்டுது" என்று சொல்வார். மற்றவர்கள் ஓம் என்று தலையாட்டுவார்கள். அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

கணினி எங்கள் கண்ணைக் கெடுக்கிறதா? நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறோம். கணினி வளர்ந்தவர்களின் கண்ணைக் களைக்கச் செய்யும், கெடுக்காது. ஆனால் கண்ணில் வரும் ஒவ்வொரு கோளாறுக்கும் கணினிதான் காரணம் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டு இருந்துவிட்டால், அந்த முடிவு கண்ணைக் கெடுக்கக்கூடும். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதைப் பிற்பகுதியில் சொல்வோம்.

1990களின் முற்பகுதியில் இங்கே படித்தவர்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, அந்த விளக்கைச் சுற்றி மூன்று பேர் இருந்து படித்தோம். மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைக்கவில்லை. "இந்த வெளிச்சத்திலை படிச்சால் கண் போயிடும் பிள்ளை" என்று அம்மம்மாமார் சொன்னார்கள். புகையில் கண் எரிந்தது, தண்ணீர் வடிந்தது, தலையிடித்தது. ஆனால் காலையில் எழும்பும்போது கண் பழையபடி தெளிவாக இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் படிப்பது கண்ணைக் களைக்க வைக்கும், நிரந்தரமாகப் பழுதாக்காது. கணினித் திரைக்கும் இதே கதைதான். அன்று குறை வெளிச்சம், இன்று நிறை வெளிச்சம். களைப்பின் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தக் களைப்பு எப்படி வருகிறது?

முதலாவது, நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். கண்ணை இமை காப்பது போல என்று எவ்வளவு காலமாகச் சொல்லி வருகிறோம்! அது வெறும் உவமை அல்ல, உடற்றொழில் உண்மை. கண்ணின் மேற்பரப்பில் மூன்று படைகளாலான மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. உள்ளே சளிப்படை, நடுவில் நீர், மேலே எண்ணெய். எண்ணெய்ப் படை நீர் காய்ந்துபோகாமல் மூடி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தப் படலம் புதிதாக விரிக்கப்படுகிறது. சாதாரணமாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைக்கும் அந்தச் சில தடவையிலும் இமை முழுதாக மூடுவதில்லை. படலம் அங்கங்கே காய்கிறது. அதுதான் எரிவு, உறுத்தல், மண் விழுந்தது போன்ற உணர்வு, இடையிடையே எழுத்து மங்கித் தெளிவது.

"எங்களுக்குக் கண் காயவில்லையே, தண்ணியெல்லோ வடியுது" என்று பலர் கேட்பார்கள். காய்ந்த கண்தான் தண்ணீர் வடிக்கும். கண் உறுத்தலைத் தாங்கமாட்டாமல் ஒரேயடியாகக் கண்ணீரைச் சுரக்கிறது. அந்தக் கண்ணீர் கன்னத்தால் வழிந்து போய்விடும்; படலமாக நிற்காது.

இரண்டாவது, கண்ணுக்குள் இருக்கும் தசை. கண்ணின் வில்லையைச் சுற்றி ஒரு சிறு தசை இருக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது அது ஓய்வாக இருக்கும். கிட்டப் பார்க்கும்போது சுருங்கி வில்லையைத் தடிக்க வைக்கும். நாலு மணித்தியாலம் திரையைப் பார்ப்பது, ஒரு வாளித் தண்ணீரை நாலு மணித்தியாலம் கீழே வைக்காமல் தூக்கி வைத்திருப்பது போன்றது. வாளி பாரமில்லைத்தான். கை களைக்குமல்லவா?

மூன்றாவது, வயது. நாற்பதைத் தாண்டினால் வில்லை இறுகத் தொடங்கும். தசை எவ்வளவு இழுத்தாலும் அது பழையபடி தடிக்காது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இது எல்லோருக்கும் வரும். கண்ணாடி போடாமல் சமாளித்தால் கண் பலப்படும் என்பதும், போட்டால் கண் பழகிவிடும் என்பதும் தவறு. போட்டாலும் போடாவிட்டாலும் வெள்ளெழுத்து தன் பாட்டில் கூடும். போடாவிட்டால் தலையிடி மட்டும் மிச்சம்.

இனி, என்ன செய்யலாம்?

திரையை ஒரு கை நீளத்துக்கு அப்பால் வையுங்கள். ஏறக்குறைய 50 முதல் 70 சென்ரிமீற்றர். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கீழ்நோக்கிப் பார்க்கும்போது மேலிமை சற்று இறங்கி, கண்ணின் கூடுதலான பகுதியை மூடி ஈரத்தைக் காக்கும். யன்னலுக்கு நேரெதிராகவோ, யன்னலுக்கு முதுகைக் காட்டியோ இருக்கவேண்டாம். யன்னல் பக்கவாட்டில் இருந்தால் நல்லது. எழுத்துச் சிறிதாக இருந்தால் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். இருட்டறையில் திரை வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்யாதீர்கள்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 விநாடி பாருங்கள். 20 அடி என்பது எங்கள் பழைய வகுப்பறையின் நீளம் அளவு. இங்கே இருப்பவர்களுக்கு முற்றத்து முருங்கை போதும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு எதிர்க் கட்டடத்தின் யன்னல் போதும். பார்க்கும்போது பத்துத் தடவை கண்ணை மெதுவாக, முழுதாக மூடித் திறவுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இன்று சொல்லும் எல்லா வைத்தியத்திலும் மலிவானதும் பலன் கூடியதும் இதுதான்.

மின்விசிறிக் காற்றையும் ஏசிக் காற்றையும் முகத்துக்கு நேரே விடாதீர்கள். குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு மாரி காலத்தில் வீட்டைச் சூடாக்கும் காற்று மிகவும் வரண்டிருக்கும். அவர்களுக்குக் கண் அதிகம் காய்வதற்கு அதுவும் ஒரு காரணம். மாதவிடாய் நிற்கும் வயதிலும் அதன் பின்னும் பெண்களுக்குக் கண்ணீர் குறைவது வழமை. ஒவ்வாமைக்காக எடுக்கும் சில மாத்திரைகளும் கண்ணைக் காயவைக்கும். இமை விளிம்பில் பிசுபிசுப்பு இருந்தால், இளஞ்சூட்டு நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்கும்.

கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாசிப்புக் கண்ணாடி புத்தகத்தின் தூரத்துக்கு, அதாவது 40 சென்ரிமீற்றர் அளவுக்குச் செய்யப்படுவது. கணினி அதைவிட அப்பால் இருக்கிறது. அதனால்தான் பலர் முகத்தை முன்னால் நீட்டுகிறார்கள். இரண்டு வில்லைக் கண்ணாடி போடுபவர்கள் நாடியை உயர்த்தி, கீழ்ப்பகுதியால் திரையைப் பார்க்கிறார்கள். மாலையில் கழுத்து நோகிறது, கழுத்துக்கு எண்ணெய் பூசுகிறார்கள். கண் பரிசோதிக்கும்போது உங்கள் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். கணினிக்கென்றே ஒரு கண்ணாடி செய்து தருவார்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்காதவர் இல்லை. 2023இல் கொக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு மீளாய்வை வெளியிட்டது. கணினிக் களைப்பைக் குறைப்பதில், குறுகிய காலத்தில், அவ்வகைக் கண்ணாடிகளுக்கும் சாதாரண கண்ணாடிகளுக்கும் வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. திரையிலிருந்து வரும் நீல ஒளி, வெளியே இறங்கினால் வெயிலிலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அந்தக் காசை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள்.

சொட்டு மருந்து விடயத்தில் கவனம். கண்ணீருக்குப் பதிலான சாதாரண சொட்டு மருந்தில் பயமில்லை; ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் விடவேண்டியிருந்தால் பதப்படுத்தும் இரசாயனம் சேராததைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் மருந்துக்கடையில் "கண் சிவப்புக்கு ஒன்று தாருங்கோ" என்று வாங்குவதும், வீட்டில் மிஞ்சிய போத்தலை எடுத்து விடுவதும் வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் ஸ்ரீரொயிட் இருக்கும். விட்டதும் சுகமாக இருக்கும். வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்காக விட்டால் கண்ணின் அழுத்தம் கூடும், கண்புரையும் வரும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு முதலியவற்றையும் கண்ணுக்குள் விடாதீர்கள். பூவை முற்றத்தில் பார்த்து மகிழுங்கள்.

இனிப் பிள்ளைகள். இங்கேதான் எங்கள் கவலை வேறு விதமானது. வளர்ந்தவர்களின் கண் களைக்கும், ஆறும். பிள்ளைகளின் கண் வளர்ந்துகொண்டிருக்கிறது. நாள் முழுதும் கிட்டப் பார்வையும் வீட்டுக்குள் இருப்பும் சேர்ந்தால் கண் பின்புறமாக அளவுக்கு மேல் நீண்டு வளரக்கூடும். அதுதான் குறும்பார்வை. புத்தகம் தெரியும், கரும்பலகை தெரியாது. கண்ணாடி போட்டால் தெரியும்தானே என்று நினைக்கலாம். ஆனால் நீண்ட கண் மீண்டும் சுருங்காது. குறும்பார்வை மிகக் கூடினால் பிற்காலத்தில் விழித்திரை கழன்றுபோவதற்கும் வேறு கண் நோய்களுக்கும் வாய்ப்புக் கூடும்.

2020இல் பாடசாலைகள் மூடியபோது பிள்ளைகள் உள்ளங்கை அளவு போனுக்குள் பாடம் படித்தார்கள். அது காலத்தின் கட்டாயம். பாடசாலை திறந்த பிறகும் போன் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு மணிக்குப் பாடசாலை முடிய, ரியூஷன். ரியூஷன் முடிய, இருட்டு. வெயில் எப்போது?

சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆறு பாடசாலைகளில் ஒவ்வொரு நாளும் மேலதிகமாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். வேறு மருந்து எதுவும் இல்லை. மூன்று வருடங்களின் பின் வழமைபோல் நடந்த பாடசாலைகளில் 100க்கு ஏறக்குறைய 40 பிள்ளைகளுக்குக் குறும்பார்வை புதிதாக வந்திருந்தது. வெளியே விட்ட பாடசாலைகளில் அது ஏறக்குறைய 30. 2015இல் இது வெளியானது. தாய்வானில் ஒரு நாளைக்கு 120 நிமிட வெளிவெளிச்சம் என்பதை நாடு தழுவிய திட்டமாகவே நடத்துகிறார்கள். மர நிழலும் போதும். வெளியே உள்ள வெளிச்சம்தான் முக்கியம்.

ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு அந்த வெளிச்சம் நிறையவே கிடைத்தது. சைக்கிளில் பாடசாலைக்கு வந்தோம். இடைவேளையில் கிளித்தட்டு, மாலையில் வலைப்பந்து. "வெயிலுக்கை நிண்டு கறுக்கிறியள்" என்று பேச்சும் வாங்கினோம். எங்களுக்குத் தெரியாமலே எங்கள் கண்ணுக்கு மருந்து கிடைத்துக்கொண்டிருந்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதைக் கொடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. சோறு தீத்துவதற்காகக் கையில் போனைக் கொடுக்கும் அம்மாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது, தொடக்கத்தில் சொல்லாமல் விட்ட விடயத்துக்கு வருகிறோம்.

எங்கள் வகுப்புத்தோழி ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். 2020இல் இருந்து வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்தார். மாலையானால் புருவத்துக்கு மேலே தலையிடி. இடைக்கிடை பார்வை மங்கும். கணினிதான் காரணம் என்று முடிவுசெய்தார். பெரிய திரை வாங்கினார். இணையத்தில் நீல ஒளிக் கண்ணாடி வாங்கினார். கதிரையை மாற்றினார். ஒரு கிழமை லீவு எடுத்தால் தலையிடி சற்றுக் குறைந்தது. ஆகவே கணினிதான் என்று இன்னும் உறுதியானது. இப்படி இரண்டு வருடம்.

ஒருநாள் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் அழைப்பில் பகிடியாகக் கேட்டார்: "எடியே, லைற்றைச் சுத்தி வானவில் மாதிரித் தெரியுதடி. அதுவும் கொம்பியூட்டராலயோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கே கண் வைத்தியரிடம் போ என்று சொன்னோம். போனார். அவருடைய கண்ணுக்குள் நீர் வெளியேறும் கோணம் பிறவியிலேயே ஒடுக்கமானது. இருட்டில் கண்மணி விரியும்போது அந்த வழி அடைபட்டு, அழுத்தம் ஏறி, தலையிடியும் வானவில்லும் வந்து, பிறகு தானாகத் திறந்திருக்கிறது. இது குளுக்கோமாவின் ஒரு வகை. ஆசிய இனத்தவரிடையே, அதிலும் நாற்பது தாண்டிய பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுவது. வலது கண்ணின் பார்வை நரம்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. படி இறங்கும்போது கால் இடறியதன் காரணம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. போன நரம்பு திரும்பி வராது. லேசர் கதிரால் சிறு துளை இட்டு, சொட்டு மருந்தும் விட்டு, மிஞ்சியதைக் காப்பாற்றினார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஆனால் இந்தக் கதை அதோடு முடியவில்லை. இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் இங்கே இருக்கும் அவருடைய தங்கையைப் பரிசோதிக்கச் சொன்னோம். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் கொம்பியூட்டரே தொடுறேல்லை" என்றார் தங்கை. வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கும் அதே ஒடுங்கிய கோணம். பார்வை நரம்பு பழுதாகியிருக்கவில்லை. சில நிமிட லேசர் சிகிச்சையோடு வீட்டுக்குப் போய் மத்தியானச் சமையலைச் செய்தார்.

கணினியைத் தொடாத தங்கைக்கும் அதே நோய். அப்படியானால் அக்காவுக்குக் கணினி செய்த கெடுதல் என்ன? ஒன்றுமில்லை. இரண்டு வருடமாகப் பழியைச் சுமந்தது மட்டும்தான்.

குளுக்கோமாவின் இன்னொரு வகை தலையிடிகூடத் தராது. ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நீரிழிவும் அப்படித்தான், விழித்திரையில் இரத்தக்குழாய்கள் பழுதாகத் தொடங்கும்போது பார்வை தெளிவாகவே இருக்கும். ஆகவே நாற்பது தாண்டியவர்கள் ஒருமுறையாவது கண்ணின் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதியுங்கள். குடும்பத்தில் குளுக்கோமா இருந்தால் தவறவிடவே வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பாருங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்தது போதாது.

ஓய்வெடுத்தும் மாறாத மங்கல், ஒரு கண்ணில் மட்டும் வரும் மங்கல், விளக்கைச் சுற்றி நிற வளையம், நோவோடு சிவந்த கண்ணும் வாந்தியும், திடீரென்று மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, கறுப்புப் புள்ளிகள் சொரிவது, நேர்கோடு வளைந்து தெரிவது, ஒன்று இரண்டாகத் தெரிவது: இவை எதுவும் கணினிக் களைப்பு அல்ல. அன்றே போய்க் காட்ட வேண்டியவையும் இவற்றுள் உண்டு. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு கண்ணைக் கையால் பொத்தி, மற்றக் கண்ணால் சுவரில் உள்ள கலண்டரைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

பிள்ளையின் கண், கணவரின் சீனி, மாமியின் கண்புரை என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறவர்கள் நாங்கள். வரிசையில் துணைக்கு நிற்பதே எங்கள் வழமை. இந்த நூற்றாண்டு வருடத்தில் ஒரு தடவை எங்களுக்காகவும் ஒரு துண்டு எடுப்போம். சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். பாடசாலை மண்டபச் சுவரில் ஆறு மீற்றர் தூரத்துக்கு ஒரு கண் பரிசோதனை அட்டை மாட்டி, வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளின் பார்வையையும் பார்க்க ஒழுங்குசெய்யுங்கள். வகுப்பின் பின்வரிசையில் இருந்துகொண்டு, கரும்பலகை தெரியாததைச் சொல்லப் பயந்து, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியவர்கள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள். அவர்களைப் படிப்பில் கவனமில்லாதவர்கள் என்று சொன்னோம். அந்தப் பிழையை இனி வரும் பிள்ளைகளுக்குச் செய்யாமல் இருப்போம்.

உரை தொடங்கி 20 நிமிடம் கடந்துவிட்டது. எல்லோரும் மேடையை விட்டுவிட்டு, யன்னலால் விளையாட்டு மைதானத்தைப் பாருங்கள். 20 விநாடி போதும்.